செத்துப்போன கிரகரியின் கடிதம்

பதினேழாம் பக்கத்தில் செத்துப்போன கிரகரி, இருபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார்.

ஜினமதி டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பின்னால் புரட்டிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. போப்பாண்டவர் கிரகரி 604-ஆம் வருஷம் காலமானார். அதே போப்பாண்டவர் கிரகரி, 722-ஆம் வருஷம் போனிபேஸ் என்ற துறவியை ஜெர்மனிக்கு அனுப்பி, 'இவரை நல்லபடியாகக் கவனித்துக்கொள்ளுங்கள்' என்று கடிதமும் கொடுத்தார்.

இங்கிலீஷில் எழுதிய அந்தக் கையெழுத்துப் பிரதி ஹெல்கா அம்மாளுடையது. அவர் ஜெர்மனியில் சரித்திரப் பேராசிரியை. ரமணாசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு எடுத்துத் தங்கி, ஐரோப்பாவில் கிறிஸ்தவம் பரவிய அந்தப் பழைய காலத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நாற்பது பக்கத்தை ஜினமதியிடம் கொடுத்து, "இதை அடிச்சுக் கொண்டு வாங்க. பிடிச்சிருந்தா அறுநூறு பக்கப் புத்தகமும் உங்களுக்குத்தான்" என்று இங்கிலீஷில் சொல்லியிருந்தார்.

அறுநூறு பக்கம் என்றால் ஒரு வருஷத்து வேலை. தேரடித் தெருவில் எட்டு மிஷினோடு புது டைப்பிங் இன்ஸ்டிட்யூட் திறந்ததிலிருந்து, ஜினமதியின் இரண்டு மிஷினுக்கு மிஞ்சிய மாணவி வள்ளி ஒருத்திதான். டைப்பிங் ஹையர் பரீட்சையில் வடஆற்காட்டிலேயே முதலாவதாக வந்தவள், தப்பில்லாமல் அடிப்பவள் என்ற பெயர் மட்டும்தான் ஜினமதியிடம் பாக்கி இருந்தது.

சந்தேகம் கேட்கப் போனால் ஹெல்கா அம்மாள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஒரு சீட்டை நீட்டினார். 'இரண்டு வாரம் மௌனம். உங்களுக்குச் சரியென்று படுவதைச் செய்யுங்கள்.'

சாயங்காலம் புருஷன் தரணேந்திரன் வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "ஏங்க, செத்தவரு எப்படிங்க லெட்டர் போடுவாரு?"

தரணேந்திரன் பத்திர எழுத்தர். எதையும் பத்திரமாகவே பார்ப்பவர். பக்கங்களை வாங்கி மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"செத்தவரு கையெழுத்துப் போட்டா செல்லாது. அப்ப சாவு தேதிதான் தப்பு. எழுநூத்தி நாப்பதுன்னு மாத்திடு."

"நானா எப்படிங்க மாத்தறது?"

"சரின்னு படறதைச் செய்யின்னு அந்தம்மாவே எழுதிக் குடுத்திருக்காங்கல்ல?"

மாற்றினாள். கிரகரி இன்னும் நூற்று முப்பத்தாறு வருஷம் உயிரோடு இருந்தார்.

மறுநாள் காலை வள்ளி ஒப்பிட்டுப் படித்தாள். கீழ்பென்னாத்தூர் விவசாயி மகள், கணக்கில் கெட்டிக்காரி.

"டீச்சர், இவரு ஐநூத்தித் தொண்ணூறுல பதவிக்கு வந்தாரு. எழுநூத்தி நாப்பதுல செத்தாரு. நூத்தம்பது வருஷமா போப்பாவே இருந்தாரா?"

ஜினமதி மறுபடியும் மிஷினில் உட்கார்ந்தாள். பதவிக்கு வந்த வருஷத்தை 690 ஆக்கினாள். ஆனால் அவர் 597-இல் இங்கிலாந்துக்கு அனுப்பிய துறவிகள், அவர் பதவிக்கு வருவதற்கு முன்பே போய் இறங்கிவிட்டிருந்தார்கள். அவர்களை 697-இல் இறக்கினாள். அங்கே அவர்களை வரவேற்ற ராஜா அதற்குள் செத்து எண்பது வருஷமாகியிருந்தது. ஆகவே அவரையும் நூறு வருஷம் தள்ளிப் பிறக்க வைக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தடவையும் மூன்று கார்பன் வைத்துப் புதிதாக அடித்தாள்.

"பரவால்ல டீச்சர், இப்ப எல்லாரும் ஒரே காலத்துக்கு வந்துட்டாங்க" என்றாள் வள்ளி. அடுத்த பக்கத்தைப் படித்தவள் திடுக்கிட்டாள். "ஐயய்யோ! அந்த ஊர் ஜனங்க சாமியா கும்பிட்ட மரத்தை இந்தப் போனிபேஸ் வெட்டிட்டாராம்! எங்க ஊர்ல கோயில் வேப்பமரத்துல கை வெச்சா உதைதான் விழும். இவரைப் போயி மகான்னு எழுதியிருக்காங்க!"

ஜினமதிக்கும் மனசு கேட்கவில்லை. இருட்டினால் தண்ணீர்கூடக் குடிக்காத ஜைனக் குடும்பத்தில் பிறந்தவள். பச்சை மரத்தை வெட்டுகிற துறவியை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது 'ஃபெல்டு' இல்ல வள்ளி, 'ஃபெல்ட்'. வெட்டலை. தொட்டுப் பார்த்திருக்காரு."

"அப்படிச் சொல்லுங்க!"

மரம் பிழைத்தது. ஆனால் அடுத்த வரியிலேயே அந்த மரத்துப் பலகையால் ஒரு சர்ச் கட்டியிருந்தார்கள்.

"தொட்டதுக்கே பலகை வந்துச்சா டீச்சர்?"

"அந்த மரத்து நிழலிலே கட்டினாங்கன்னு போடு."

அதற்கடுத்த வரி இன்னும் மோசம். மரம் விழுந்தும் சாமி ஒன்றும் செய்யவில்லையே என்று ஊர் முழுக்க மதம் மாறியது.

"மரம்தான் விழலையே. அப்புறம் ஏன் மாறினாங்க?" என்று ஜினமதி தலையைப் பிடித்துக்கொண்டாள்.

வள்ளி யோசித்தாள். "நிழல் நல்லா இருந்திருக்கும் டீச்சர்."

பன்னிரண்டாம் நாள் ஜினமதி காப்பியில் உப்பைப் போட்டாள். தரணேந்திரன் ஒரு வாய் குடித்துவிட்டு, "கிரகரி போறாரு, நான் செத்துடுவேன் போலிருக்கே" என்றார். அதற்கு மேல் தாங்காமல் அவள் ஊரிலிருந்த சர்ச்சுக்கே போய்ச் சாமியாரைக் கேட்டாள்.

சாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கிரகரி ஒருத்தர் இல்லம்மா. பதினாறு பேரு! அறுநூத்தி நாலுல செத்தவரு முதலாம் கிரகரி. லெட்டர் போட்டவரு ரெண்டாம் கிரகரி."

"அந்த மரம்ங்க?"

"வெட்டினாரும்மா. கோடாலி எடுத்து வெட்டினாரு."

பேனாவால் எழுதியிருந்ததெல்லாம் சரி. தான் திருத்தியதெல்லாம் தப்பு. ஜினமதிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அடித்த பக்கங்கள் அத்தனையையும் வெந்நீர் அடுப்பில் போட்டாள். வள்ளி மரத்துக்காக ஒரு நிமிஷம் வருத்தப்பட்டாள். இரண்டு நாள் உட்கார்ந்து நாற்பது பக்கத்தையும் முதலிலிருந்து அடித்து, மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு புள்ளி பிசகவில்லை.

மௌனம் முடிந்த அன்றே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஹெல்கா அம்மாள் சின்னப் பிள்ளை மாதிரி ஆசையோடு வாங்கிக்கொண்டார். சிவப்புப் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், பத்துப் பக்கம் புரண்டன. பென்சில் காகிதத்தின் மேல் தொங்கியதே தவிர எங்கேயும் இறங்கவில்லை. கிரகரி செத்த இடத்தை இரண்டு தடவை படித்தார். மரம் வெட்டிய இடத்தில் காகிதத்தை மூக்குக்கே கொண்டுபோனார். கடைசிப் பக்கத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒண்ணு கூட இல்லை?" என்று தமிழில் கேட்டார்.

"ஒண்ணு கூட இல்லைங்கம்மா!" ஜினமதி பெருமையோடு நிமிர்ந்தாள். "முதல்ல அடிச்சதுல நிறைய இருந்துச்சு. வருஷமெல்லாம் மாறிப்போச்சு, மரமே விழலை. எல்லாத்தையும் அடுப்புல போட்டுட்டு மறுபடி அடிச்சேன்."

"அடுப்பிலா?"

ஹெல்கா அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடியும் மௌனத்துக்கே போய்விட்டாரோ என்று ஜினமதி பயந்தாள்.

"அந்த அறுநூறு பக்கம்ங்கம்மா…"

"பார்க்கலாம்."

ஜினமதி ஒன்றும் விளங்காமல் வெளியே வந்தாள். ஹெல்கா அம்மாள் வீட்டில் சமையல் செய்யும் உண்ணாமலை வாசற்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஒரு எழுத்துகூடத் தப்பு இல்ல உண்ணாமலை. அப்புறம் ஏன் அம்மா மூஞ்சி அப்படிச் சுருங்கிப்போச்சு?"

உண்ணாமலை கீரையை முறத்தில் போட்டுவிட்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா நீங்க? அந்தக் காலத்துச் சாமியாருங்க புஸ்தகத்தைப் பாத்து எழுதறப்ப எப்படியெல்லாம் தப்பு பண்ணாங்கன்னுதான் அம்மா ஆராய்ச்சியே பண்றாங்க. அதுக்குத்தான் ஊர்ல நாலு டைப்பிஸ்டைப் பாத்து இதே கட்டைக் குடுத்தாங்க. மத்த மூணு பேரும் நல்லா பண்ணியிருந்தாங்க, நீங்கதான் கவுத்துட்டீங்க!"