கம்ப்யூட்டருக்குப் பொருத்தம் பார்த்தவர்

பெங்களூரில் தடுக்கி விழுந்தால் கம்ப்யூட்டர் கம்பெனி என்று ஆகிவிட்ட காலத்திலும், காக்ஸ் டவுனில் எங்கள் தெருவுக்குள் மட்டும் பொருத்தம் சாரின் சம்மதம் இல்லாமல் ஒரு கம்ப்யூட்டர் நுழைவது அபூர்வம்.

கல்யாணத்துக்குப் பார்ப்பதுபோல, வாங்கப்போகும் கம்ப்யூட்டருக்கும் வீட்டுக்கும் பொருத்தம் பார்ப்பார். அதனால் அந்தப் பெயர். ஏதோ சர்க்கார் ஆபீசில் இருந்து ரிட்டையரானவர். கடைப்பக்கம் போகமாட்டார். தையற்காரர்கள் வைத்திருப்பதுபோன்ற ஒரு டேப்போடு நம் வீட்டுக்குத்தான் வருவார். நாற்காலி, ஜன்னல், பிளக் பாயின்ட் எதையும் விடாமல் அளப்பார். "பொண்ணு வந்து வாழப்போற இடத்தைப் பார்க்க வேணாமா?" என்பார்.

இத்தனை அளந்தும் முடிவு எப்போதும் ஒன்றுதான்: டெஸ்க்டாப்!

மூலை வீட்டு ஸ்டெல்லா டீச்சர் லேப்டாப் கேட்டார். "டீச்சர், நீங்க அதுல சீட்டுதானே ஆடப்போறீங்க? பெரிய மானிட்டர்ல ஆடுங்க. ராஜா யாரு, ராணி யாருன்னு கண்ணாடி போடாமலே தெரியும்" என்றார். டீச்சர் டெஸ்க்டாப் வாங்கினார்.

எதிர் வீட்டுப் புது மாப்பிள்ளை யார் பேச்சையும் கேட்கவில்லை. லேப்டாப் வாங்கி, மெத்தைமேல் வைத்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேம் ஆடினார். அது அடுப்பாகக் கொதித்துத் தானே அணைந்துபோனது. பொருத்தம் சார் போய் அதன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "நல்ல காய்ச்சல். மூச்சு விடற ஓட்டையெல்லாம் பொத்திட்டா பாவம் அது என்ன பண்ணும்?" என்று ஜன்னலோரம் காற்றாட வைத்துவிட்டு வந்தார்.

பிறகு எங்கள் வீட்டு முறை வந்தது. மகள் கவிதா எம்.சி.ஏ. கடைசி வருஷம். ப்ராஜெக்ட் முடித்தால்தான் பட்டம். பட்டம் வந்தால்தான் வேலை. அவளுக்கு லேப்டாப் வேண்டும். பையன் முரளிக்குக் கார் ரேஸ் பைத்தியம். "லேப்டாப்புல இந்த கேமெல்லாம் திணறும்ப்பா. நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டு டெஸ்க்டாப் வாங்குப்பா" என்று அவன் பிடித்த பிடி. என் ஆபீஸ் லோனில் ஒன்றுதான் வாங்க முடியும். எனக்கோ இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்தது முருகன்தான். இரண்டு சீட்டு எழுதி அவன் காலடியில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கப் போகும்போது பொருத்தம் சார் உள்ளே வந்தார்.

"ஏன் ஸ்வாமி, ரெண்டு சம்சாரத்தை வச்சுக்கிட்டு அவர் வீட்டுப் பஞ்சாயத்தே அவருக்குப் பெரிசு. இதையும் கொண்டுபோய் அவர் தலையில கட்டணுமா?"

முதலில் கேமைப் பார்க்கவேண்டும் என்று முரளியை பிரௌசிங் சென்டருக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். முரளி ஆடிக் காட்டியதும், "தள்ளு" என்று அவரே உட்கார்ந்தார். மற்ற கார்களெல்லாம் பறந்தன. இவர் கார் ஓரமாக ஊர்ந்தது. சிவப்பு விளக்கு வந்ததும் நின்றேவிட்டது.

"அங்கிள், இது ரேஸ்! போங்க!"

"ரேஸா இருந்தா? குறுக்கே மாடு வந்தா உங்கப்பனா பதில் சொல்லுவான்?"

"ஏன் சார், கார் பார்க் மாடிபிட்ரா?" என்று கன்னடத்தில் கேட்டு சென்டர்காரர் எட்டிப் பார்த்தார்.

"பார்க் பண்ணலப்பா, சிக்னல்."

கடைசியாக வந்து சேர்ந்தவர், "ஒருத்தனுக்கும் ரோட் சென்ஸ் இல்ல" என்று எழுந்தார். "ஆனா பையன் சொல்றது சரிதான். இந்த ஆட்டத்துக்கு டெஸ்க்டாப்தான் தாங்கும்."

முரளி துள்ளிக் குதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். விஷயம் தெரிந்ததும் கவிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

பொருத்தம் சார் டேப்பை எடுத்தார். ஹாலில் டிவி, பக்கத்தில் பூஜை அலமாரி. உள்ளே கட்டிலும் பீரோவும். டேப் எங்கே நீட்டினாலும் எதன்மேலாவது இடித்தது.

"நீ எங்கம்மா உட்கார்ந்து படிப்பே?"

"டிவி ஓடினா கிச்சன்ல, அங்கிள். அம்மா சமைக்க வந்தா மாடிப்படியில. மழை வந்தா கட்டில் ஓரமா."

அவர் மெதுவாக டேப்பைச் சுருட்டினார். "லேப்டாப்" என்றார்.

"நீங்களா சார் சொல்றீங்க?" என்று வாயில் கை வைத்தாள் என் மனைவி.

"மேசை போட இடம் இருக்கறவங்களுக்குத்தாம்மா டெஸ்க்டாப். இந்தப் பொண்ணுக்கு வீட்ல ஒரு மூலைகூட இல்ல. இவ எங்க போறாளோ, கூடவே அதுவும் போகட்டும்."

மாடிப்படியில் அவள் உட்கார்ந்து படித்ததை எல்லாரும்தான் பார்த்திருக்கிறோம், தாண்டிக்கொண்டு போயிருக்கிறோம்.

முரளிக்கு மட்டும் மூஞ்சி சுருங்கிவிட்டது. "அட, அழாதே ராஜா. என் வீட்டு டெஸ்க்டாப்புல நல்ல கார்டா போட்டு வைக்கிறேன். சாயங்காலம் சாயங்காலம் வந்து ஆடு" என்றார். சொன்னபடியே போட்டும் வைத்தார்.

கவிதா அந்த மாடிப்படியிலேயே ப்ராஜெக்டை முடித்தாள். வைட்ஃபீல்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. அவள் முதல்நாள் வேலைக்குக் கிளம்பிய காலையில் நான் முருகன் கோயிலுக்குப் போனேன். அவள் பெயருக்கு அர்ச்சனை முடிந்ததும், இன்னொரு பெயருக்கும் செய்யச் சொன்னேன்.

"பேரு, நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"பொருத்தம் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இப்படி ஒரு பேரா? நட்சத்திரம்?"

"தெரியாது சாமி. அப்படியே சொல்லுங்க. யாருன்னு முருகனுக்குத் தெரியும்."