டம்ளர் பார்த்த வீடுகள்

துறைமுகத்தை ஒட்டிய எங்கள் வட்டாரத்தில் டம்ளர் பார்க்காத வாடகை வீடு ஒன்றுகூடக் கிடையாது. அவருக்குப் பிடித்த வாடகை வீடும் ஒன்றுகூடக் கிடையாது. வடசென்னையில் நான் குடியிருந்த ஆறு வருடங்களில், இந்த இரண்டையும் மறுத்து யாரும் பேசிக் கேட்டதில்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அந்த நான்கு தெருக்களில் அதைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஐம்பதைத் தாண்டிய வயது, ஒல்லியான உடம்பு, காக்கி பேண்ட், வெள்ளைச் சட்டை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு துணிப்பையுடன் புறப்படுவார். பைக்குள் ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு வெள்ளைக் கைக்குட்டை, ஒரு சிவப்பு சாக்பீஸ். 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கும் எந்த வாசலிலும் நின்று கதவைத் தட்டுவார்.

உள்ளே போனதும் முதல் வேலை, தண்ணீர் கேட்பது. தாகம் போலிருக்கிறது என்று நினைத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைத் தன் டம்ளரில் விளிம்புவரை ஊற்றி, கூடத்தின் நடுவே தரையில் வைப்பார். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரி ஒன்று தெருமுனையைக் கடக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். லாரி போகும். தண்ணீர் நடுங்கும். ஒரு சொட்டு சிந்தினாலும் வீடு தோற்றது.

துறைமுக வாசலில் லாரிகள் வரிசையில் சிக்கி நின்றுவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வீட்டில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர் மதியம் இரண்டு மணிவரை அசையவில்லை. வீட்டுக்காரர் வேறு வழியில்லாமல் சாப்பாடு போட்டார். சாப்பிட்டு முடித்து, ரசம் நன்றாக இருந்தது என்றார். அப்போது முதல் லாரி போனது. டம்ளரைப் பார்த்துவிட்டு, வீடு சரியில்லை என்றார்.

கைக்குட்டையின் வேலை வேறு. அதை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறுநாள் வந்து அவிழ்ப்பார். லாரிப் புகையும் துறைமுகத் தூசியும் அதில் எவ்வளவு கறுப்பு சேர்த்திருக்கின்றன என்று வெயிலில் பிடித்துப் பார்ப்பார். வீட்டுக்காரரிடமும் காட்டுவார். யாருக்கும் தன் வீட்டைப் பற்றி அவ்வளவு தெரிந்துகொள்ள ஆசை இருப்பதில்லை.

நான் அவரைச் சந்தித்தது வீடு தேடி அலைந்தபோதுதான். தர்மபுரிப் பக்கம் கடத்தூரிலிருந்து வந்து ஒரு நாளிதழில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். டீக்கடையில் பேச்சுக்கொடுத்தவர், ஊர்ப் பெயரைக் கேட்டதும் கண்ணாடி கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"கடத்தூருங்களா? அட, நான் கம்பைநல்லூருங்க! நம்ம பக்கத்து ஆளு, கண்ட வூட்டுல போய் மாட்டக் கூடாது. வாங்க சார், நான் பாத்துத் தர்றேன்."

அன்று ஏழு வீடுகள் பார்த்தோம். ஏழும் தோற்றன. மறு வாரம் அவருக்குத் தெரியாமல் நானே ஒரு போர்ஷனைப் பிடித்துக் குடிபோனேன். அதே காம்பவுண்டில், மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒற்றை அறையிலிருந்து அவர் பல் துலக்கியபடி வெளியே வந்தார்.

"இந்த வூடா? என்னைக் கேட்டிருக்கலாம்ல சார். மூணு வருசத்துக்கு முன்னாடியே பாத்துட்டேன், ஆவாது."

அவருடைய அறையைப் பார்த்தேன். அந்த அறை எந்தச் சோதனையிலும் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. கூரைக்கும் சுவருக்கும் நடுவே பகல் தெரிந்தது. லாரி போனால் ஆணியில் மாட்டிய சட்டை ஆடியது.

"நீங்க மட்டும் இதுல இருக்கீங்களே அண்ணா?"

"நான் இருக்கறதுக்கு இது போதுங்க" என்றார், வேறு யாருக்கோ வீடு தேடுகிறவரைப் போல.

அவர் வேலை செய்தது காலி கண்டெய்னர்கள் அடுக்கி வைக்கும் யார்டில். சரக்கு இறக்கித் திரும்பிவரும் பெட்டிகளில் நசுங்கல், துரு, ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து எழுதுவது அவர் பொறுப்பு. ஓட்டை பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. ஆள் உள்ளே போய்விட வேண்டும். வெளியே இருப்பவர் கதவைச் சாத்திவிட வேண்டும். கும்மிருட்டில் எங்கே ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிகிறதோ, அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். வெளிச்சம் வருகிற இடத்தில் மழையும் வரும் என்பது அவர் தொழிலின் முதல் பாடம்.

இதை அவர் வீடுகளுக்கும் கொண்டுவந்தார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் வீட்டில் காலியாக இருந்த போர்ஷனைக் காட்டியபோது, டம்ளர் கதவு ஜன்னல்களையெல்லாம் சாத்தி, உள்தாழ்ப்பாள் போட்டு, விளக்கை அணைத்துவிட்டார். "பேசாதீங்க சார், கண்ணு பழகட்டும்" என்று மட்டும் சொன்னார். தலைமையாசிரியர் வாழ்க்கையில் முதல்முறையாக இன்னொருவர் சொல்லிப் பேசாமல் நின்றார். கடைக்குப் போயிருந்த அவர் மனைவி திரும்பிவந்து கதவைத் தட்டினார். பதில் இல்லை. உள்ளே யாரோ "அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று கிசுகிசுப்பது மட்டும் கேட்டது. அவர் போட்ட கூச்சலில் தெரு கூடிவிட்டது. கதவு திறந்தது. தலைமையாசிரியர் வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்து, மிக அமைதியாகச் சொன்னார்:

"பூஜை ரூம் மூலையில ஒரு ஓட்டை இருக்கு. நானும் பார்த்தேன்."

ஆனால் எல்லோரும் தலைமையாசிரியர் ஆகிவிட முடியாது. பேபியம்மா என்று ஒரு வீட்டுக்கார அம்மா. அடுத்த தெருவில் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட ஆள் தேடிக்கொண்டிருந்தார். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர்களில் டம்ளர் பதினொரு வட்டங்கள் போட்டார். பேபியம்மா படியேறி வந்து பார்த்தபோது அவர் பன்னிரண்டாவதைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாயா மனுசன் நீ! வூடு பாக்க வந்தியா, போஸ்ட்மார்ட்டம் பண்ண வந்தியா? தரையில தண்ணி வேற வெச்சிருக்க, எந்தச் சாமிக்குப் படையல் இது?"

"தரை ஆடுதுங்கம்மா" என்றார் டம்ளர் பணிவாக.

"ஆடாம? பக்கத்துல ஆர்பர் கீது. அத நான் தூக்கி அப்பால வெக்கவா?"

அன்று மாலையே, வட்டாரத்து வீட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் டம்ளர் அருகே அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. 'இந்த ஆள் வந்தால் வீடு இல்லை என்று சொல்லவும்.' கட்டைவிரல்கள் குவிந்தன. தலைமையாசிரியர் மட்டும் 'கவனமான மனிதர்' என்று பதில் போட்டாராம். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் காம்பவுண்டிலேயே இருந்தார். ஒரு நாள் கேட்டேன், யாருக்காக இத்தனை வருடமாக வீடு பார்க்கிறீர்கள் என்று. பையிலிருந்து டம்ளரை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எம் பொண்டாட்டி சரசுக்குத்தாங்க. கல்யாணம் ஆன புதுசுல ஒருக்கா கூட்டியாந்தேன். எட்டே நாளு. தொவைச்சுப் போட்ட துணி சாயங்காலம் கறுப்பா இருக்கும். லாரி போறப்ப அலமாரியில இருந்து பாத்திரம் வுழும். ஒரு நா மழையில சாமான்லாம் நனைஞ்சு போச்சு. அழுவல, திட்டல. 'நல்ல வூடாப் பாத்துட்டுச் சொல்லுங்க, வர்றேன்'னு சொல்லிட்டு ஊருக்குப் போயிட்டா. இருவத்திமூணு வருசம் ஆச்சு."

"அவங்க சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பாங்க அண்ணா."

"இருக்கலாம்ங்க. ஆனா நான் பாக்கறேன்னு சொல்லிட்டேன்ல?"

மாதம் ஒருமுறை ரயிலேறி மொரப்பூரில் இறங்கி ஊருக்குப் போய், இரண்டு நாள் இருந்துவிட்டு வருவார். மகன் படித்து முடித்து ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சரசு இரண்டு மாடுகளோடு கம்பைநல்லூரில் இருந்தார். போனில் வாராவாரம் டம்ளர் வீடுகளின் குறைகளைச் சொல்வார். சரசு ஊரில் நடந்ததைச் சொல்வார். அவர்கள் இல்லறம் அப்படியே நடந்துகொண்டிருந்தது.

அந்த ஆண்டு அவர் மூன்று வாரம் சேர்ந்தாற்போல ஊருக்குப் போனார். திரும்பி வந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை என் வாசலில் வந்து நின்றார். சரசுக்கு மார்பில் கட்டி என்றும், அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது என்றும், இனிக் கதிர்வீச்சு வைக்க வேண்டும் என்றும் வரிசையாகச் சொன்னார். யார்டில் பெட்டியைப் பற்றி எழுதுகிற அதே முறையில், எதையும் கூட்டாமல் குறைக்காமல்.

"இங்க பெரியாஸ்பத்திரியில எடம் கெடச்சிருக்குங்க. ஆறு வாரம், தெனம் போவணும். திங்கக்கெழமை ஆரம்பம். ஞாயித்துக்கெழமை கூட்டியாரணும். வூடு ஒண்ணும் இல்லீங்களே சார்."

வியாழக்கிழமை முழுவதும் தெருத்தெருவாக நடந்தார். பை இல்லை, டம்ளர் இல்லை. வெறுங்கையோடு போய், "எந்த வூடா இருந்தாலும் சரிங்க, பாக்காமயே எடுத்துக்கறேன்" என்றார். வீட்டுக்காரர்கள் அதற்குத்தான் அதிகம் பயந்தார்கள். இதற்குள் ஏதோ புதுத் திட்டம் இருக்கிறது என்று கதவைச் சாத்தினார்கள். தலைமையாசிரியர் வருத்தப்பட்டார், ஆனால் அவர் போர்ஷனுக்கு ஆள் வந்துவிட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் பேபியம்மாவிடம் போனேன். மாடி இன்னும் காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

"யாரு, அந்த டம்ளருக்கா? அத்த என்னாண்டயே கேக்க உனுக்கு எப்டிப்பா மனசு வந்துச்சு?"

நோயைச் சொன்னேன். ஆறு வாரத்தைச் சொன்னேன். இருபத்துமூன்று வருடங்களையும் சொன்னேன். பேபியம்மா உள்ளே போய்ச் சாவிக்கொத்தை எடுத்து வந்தார்.

"மேல வா."

மாடியில் ஒரு வட்டம்கூட இல்லை. அவை இருந்த இடங்களிலெல்லாம் புதுச் சிமெண்டு பூசியிருந்தது. ஜன்னல் சட்டங்களின் இடுக்குகள் அடைக்கப்பட்டிருந்தன. தெருப்பக்க ஜன்னலுக்கு மெல்லிய வலை அடித்திருந்தது.

"அவன் போட்ட வட்டத்த அழிக்கத் துணிய எடுத்தேன்பா. வட்டத்த அழிச்சா ஓட்ட பூடுமா? கொத்தனார வெச்சு ஒண்ணொண்ணா அடச்சேன். நாலு மாசமா ஒருத்தனுக்கும் வுடல. அந்த ஆளு மறுக்கா வந்து பாத்து, வாயடச்சுப் போவணும்னு காத்துனு கீறேன். வரவேயில்ல."

"குழுவுல படம் போட்டு வராதன்னு சொன்னது நீங்கதானேம்மா?"

"அது கோவத்துல போட்டது" என்றார் பேபியம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோவிலிருந்து சரசு இறங்கினார். உயரமான பெண்மணி. புடவை தோளில் தங்காத அளவுக்கு மெலிந்திருந்தார். கையில் கேழ்வரகு மாவு டின். படியை இரண்டு முறை நின்று ஏறினார். கூடத்துக்கு வந்து சுவர்களைப் பார்த்தார், வலை அடித்த ஜன்னலைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார்.

"டம்ளர் எங்கீங்க?"

"அதெல்லாம் வேணாம் சரசு. நீ உக்காரு."

"ஊரு உலகத்துல இருக்கற வூட்டுலல்லாம் வெச்சுப் பாத்தீங்க. நான் வந்திருக்கேன், எனக்கு ஒருக்கா வெச்சுக் காட்ட மாட்டீங்களா?"

அவர் அசையவில்லை. அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பேபியம்மாவே கீழே போய்த் தன் வீட்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, கூடத்தின் நடுவில் விளிம்புவரை நிரப்பி வைத்தார். சரசு அதன் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தார். நாங்கள் மூவரும் சுவரோரம் நின்றோம். ஞாயிற்றுக்கிழமையாயிற்றே, லாரி வராமல் போகக் கூடாதா என்று நான் நினைத்தேன்.

வந்தது. தெருமுனையில் திரும்பும்போதே தரை சொல்லிவிட்டது. தண்ணீர் நடுங்கியது, விளிம்பில் தயங்கியது, ஒரு சொட்டு வெளிப்புறமாக வழிந்து தரையில் நின்றது.

டம்ளர் கண்ணை மூடிக்கொண்டார். பேபியம்மா துறைமுகம் இருக்கும் திசையை ஒரு முறை முறைத்தார்.

சரசு முந்தானை நுனியால் அந்தச் சொட்டைத் துடைத்தார். டம்ளரை எடுத்து, அதிலிருந்த தண்ணீரைக் குடித்தார்.

"எங்கீங்க சிந்துச்சு? தரை காஞ்சுதான இருக்குது. வூடு நல்லாருக்கு. பாலக் காச்சலாம்."

ஆறு வாரத்துக்கு வந்தவர் அந்த மாடியில் மூன்று வருடம் இருந்தார். லாரிகள் போய்க்கொண்டேதான் இருந்தன. டம்ளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இருவரும் கம்பைநல்லூருக்குத் திரும்பினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் சென்னை வரும்போது பேபியம்மா வீட்டில்தான் தங்குகிறார்கள்.

எனக்கும் இப்போது தர்மபுரிக்கே மாற்றல் ஆகிவிட்டது. தற்காலிகமாக ஒரு லாட்ஜில் தங்கி வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையை ஒட்டிய தெருவில் ஒரு வீடு. வீட்டுக்காரரிடம் தண்ணீர் கேட்டு வாங்கி, பையிலிருந்த டம்ளரில் ஊற்றித் தரையில் வைத்தேன். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். லாரி போனதும் கம்பைநல்லூருக்குப் போன் போட்டேன்.

"சிந்துச்சுங்களா சார்?"

"ஒரு சொட்டு அண்ணா."

அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து சரசுவின் குரல் கேட்டது: "தொடச்சுட்டுக் குடி போவச் சொல்லுங்க!"

"அவ பேச்சக் கேக்காதீங்க சார். ஆவாது. வேற வூடு பாருங்க."

இதுவரை நான்கு வீடுகளை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நான்கிலுமே குடியிருக்கலாம். ஆனால் வீடு கிடைத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை எந்தக் காரணம் சொல்லிக் கூப்பிடுவது?