இங்க குடு, நான் வெட்டித் தரேன்

உலகத்தில் 'இங்க குடு' பரம்பரை என்று ஒன்று உண்டு. நீங்கள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பீர்கள், அல்லது நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டிக்கொண்டிருப்பீர்கள், அதுவும் இல்லையென்றால் ஆசையாக வாங்கிய பொருளின் அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள். எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ, பக்கத்தில் வந்து நிற்பார்கள். முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு ஓர் உச்சுக்கொட்டல். அப்புறம் கை நீளும். "இங்க குடு." கொடுக்காமல் இருக்க உங்களால் முடியுமா? என்னால் முடிந்ததில்லை.

இந்தப் பரம்பரையிலேயே முற்றின ரகம், சொந்தமாகக் கருவி வைத்திருக்கிற ரகம். எங்கள் எதிர்வீட்டு பஸ் கண்டக்டரின் சகலை அந்த ரகம். கண்டக்டர் மனைவியின் அக்காளைக் கட்டியவர். காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. அவரிடம் சுருட்டின் நுனியை வெட்டுவதற்கென்றே மூன்று கட்டர்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஒற்றை அலகு, இன்னொன்றுக்கு இரு பக்கமும் அலகு, மூன்றாவது வெட்டாது, வட்டமாகத் துளை போடும். மூன்றும் வெல்வெட் விரித்த பெட்டிக்குள் சொகுசாகப் படுத்திருக்கும். பெட்டி அவர் பையை விட்டு இறங்காது. சுருட்டு பிடிப்பாரா என்று கேட்கிறீர்களா? ஊதுபத்திப் புகைக்கே இருமுகிற மனிதர். அதனால் என்ன? சுருட்டு மற்றவர்களிடம் இருக்கிறதே.

கண்டக்டரிடம் ஒன்றே ஒன்று இருந்தது. கப்பல் வேலைக்குப் போன நண்பன், மூடி முத்திரையிட்ட கண்ணாடிக் குழாயில் போட்டுக் கொடுத்தது. "பிள்ள பொறந்தா பத்த வை" என்று சொல்லிக் கொடுத்தானாம். பிள்ளை சீக்கிரம் பிறக்கவில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிய வருஷங்கள் முழுக்க, உறவுக்காரர்கள் "ஏதும் விசேஷமா?" என்று கேட்டுக் கொன்ற வருஷங்கள் முழுக்க, அந்தக் குழாய் பீரோவில் துணிகளுக்கு நடுவே கிடந்தது. கண்டக்டர் பீடி சிகரெட்டைக்கூட விட்டுவிட்டார். அதை மட்டும் தூக்கிப் போட அவருக்கும் மனசு வரவில்லை, அவர் மனைவிக்கும் வரவில்லை. போன மாதம் மகள் பிறந்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாலை, கண்டக்டர் குழாயை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார். கூப்பிடாமலே சகலையும் வந்தார்.

கண்டக்டர் சுருட்டை வாயருகே கொண்டுபோனார். பெருமூச்சு. உச்சுக்கொட்டல்.

"பல்லால கடிக்கப் போறியா சகல? பாவம்யா. இங்க குடு."

பெட்டி திறந்தது. எந்தக் கட்டர் என்று தீர்மானிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. ஒற்றை அலகு இந்தப் பருமனை நசுக்கிவிடுமாம். துளை போட்டால் புகை கசக்குமாம். கடைசியில் இரட்டை அலகுக்கு அதிர்ஷ்டம் அடித்தது.

"தலப்பக்கம் இலையில சின்னதா ஒரு தொப்பி ஒட்டியிருக்கு பாத்தியா? அதுல நுனிய மட்டும் எடுக்கணும். தொப்பியத் தாண்டிட்டா மேல் இலை பிரிஞ்சிடும். ஒரே அமுக்கு, தயங்கக் கூடாது. முக்கியமா, கண்ணு சுருட்டு மேலயே இருக்கணும்."

சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. ஆனால் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் கண் எங்கள் மேல் இருந்தது. பாடத்தை நாங்கள் ஒழுங்காகக் கேட்கிறோமா என்று பார்க்க வேண்டாமா?

டக்.

தொப்பி முழுசாகக் கீழே விழுந்தது.

"லேசா கோணிடுச்சு. நேர் பண்ணிடறேன்" என்று இன்னொரு வெட்டு. அது மறுபக்கம் கோணியது. அதற்கு ஒரு வெட்டு. மேல் இலை சுருள் சுருளாகக் கழன்றது. எச்சில் தொட்டு ஒட்டினார். ஒட்டிய இடம் நின்றது, ஒட்டாத இடமெல்லாம் பிரிந்தது. கடைசியில் அவர் கையில் இருந்ததைச் சுருட்டு என்று யாரும் சொல்ல முடியாது. முறத்தில் அள்ளிப் போடுகிற சருகு.

"நல்ல சரக்கா இருந்தா இப்படிப் பிரியாது சகல" என்றார் அதிகாரி, கட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தபடி. "ஒன் ஃப்ரெண்டு ஒன்ன ஏமாத்திட்டான்." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் ஒருபடி மேலே போய், கூடம் கட்டின கொத்தனாரையே திட்டினார்.

கீழே இறங்கினோம். கண்டக்டரின் மனைவிக்குப் புருஷன் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. "இவளக் கொஞ்சம் வச்சிருங்க, நான் ரெண்டு வாய் சாப்பிட்டு வரேன்" என்று குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். டிக்கெட்டும் சில்லறையும் மட்டுமே பழகிய கை குழந்தையின் பின்மண்டையைத் தாங்கியது. என் பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. அப்புறம் உச்சுக்கொட்டல்.

"தலைய அப்படியா தாங்கறது? கழுத்துக்கு அடியில கை போகணும். இங்க குடு."

கண்டக்டர் குழந்தையோடு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"இவளத் தர மாட்டேண்ணே. தப்போ சரியோ, நானே வச்சுக்கறேன்."

நீண்ட கை நீண்டபடியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, வேறு வழியில்லாமல், சட்டைப் பைக்குள் போனது.

இதையெல்லாம் எழுதி, துணிச்சலாக அந்தச் சகலையிடமே படித்துக் காட்டினேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எங்க மேனேஜர் அச்சு அசல் இப்படித்தான் சார். ஒரு பிரதி குடுங்க, அவர் மேஜையில வச்சிடறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். மேனேஜரும் விழுந்து விழுந்து சிரித்தாராம், தன் மைத்துனரை நினைத்து. மைத்துனர் யாரை நினைத்துச் சிரித்தார் என்று தெரியவில்லை, அவரும் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார். இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் இது உங்களிடம் வந்திருக்கிறது. நீங்களும் இவ்வளவு நேரம் யாரையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். சந்தோஷம். உங்களிடம் இதைக் கொடுத்தவர் யாரை நினைத்துக் கொடுத்தார்?