ஈரக் கயிறும் இறங்கு அனுமதியும்

மரத்தில் ஏறுகிற ஆள் எப்படியும் இறங்கியாக வேண்டும் என்பது நகராட்சியின் மரப் பராமரிப்புப் பிரிவுக்கு வெகுநாளாகத் தெரியும். அதை எழுத்தில் ஒப்புக்கொள்ளத்தான் யாரும் முன்வரவில்லை. பாதுகாப்பு மாதம் வந்தபிறகே விடிவு பிறந்தது. அந்த மாதம் அலுவலகத்தில் தபால் பிரிக்கிற அம்மாள்கூட ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் தபால் பிரித்தார். அந்த உற்சாகத்தில் வெளிவந்ததே சுற்றறிக்கை எண் பதினேழு: 'ஈரமான கயிற்றில் உரிய அனுமதியின்றி எந்தப் பணியாளரும் இறங்குதல் ஆகாது.'

அந்தப் பிரிவின் கிளைவெட்டி அதைப் படிக்கவில்லை. பலகையில் அதை ஒட்டியபோது அவர் ஏதோ ஒரு மரத்தின் மேல் இருந்தார்.

அன்றைக்குத் தூங்குமூஞ்சி மரத்தில், நாற்பதடி உயரத்தில், பட்டுப்போன கிளையை அறுத்து முடித்தாரோ இல்லையோ, மழை கொட்டித் தீர்த்துவிட்டது. மணி மூன்று. நாலு மணிக்கு மகளுக்குப் பள்ளிக்கூடம் விடும். ஒன்றாம் வகுப்பு. மனைவிக்கு மில்லில் ஆறு மணி வரை ஷிப்ட், அதனால் அவர்தான் போய்க் கூட்டி வர வேண்டும். நேற்றுத் தாமதமாகப் போனதற்கே பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றது, பாவம், அவர் மனசு கேட்கவில்லை. இறங்குவதற்காக, இடுப்பு வாரைக் கயிற்றோடு பிணைத்திருந்த முடிச்சில் கை வைத்தார்.

"யோவ், நில்லு!" கீழே மேற்பார்வையாளர் குடையோடு நின்றார். "கயிறு ஈரம்!"

"மழை பேஞ்சா ஈரமாத்தான் சார் இருக்கும்."

"அதுக்குத்தான் அனுமதி வாங்கணும். படிவம் ஒன்பது."

"மேல அனுப்புங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"விண்ணப்பதாரர் நேர்ல வந்து போடணும்."

"நேர்லன்னா?"

"கீழ."

மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. யோசித்துப் பார்த்தார். பழக்கமில்லாத வேலை என்பதால் கொஞ்சம் நேரமானது. "கயிறு காஞ்சிட்டா சுற்றறிக்கை உன்னைக் கட்டுப்படுத்தாது," என்றார்.

"எப்ப சார் காயும்?"

"அதை ஈரப் பரிசோதகர்தான் சொல்லணும்."

ஈரப் பரிசோதகர் ஜீப்பில் வந்தார். கயிற்றை முகர்ந்தார், கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். ஆய்வகத்துக்கு மாதிரி என்று அடிக்கயிற்றில் ஒரு முழம் வெட்டினார். கோப்புக்கு ஒரு முழம். மேலிடத்துக்கு நகலாக இன்னும் இரண்டு முழம். ஆள் உயரத்துக்கு மேலே போய்விட்ட கயிற்று நுனியைத் திருப்தியோடு பார்த்தார்.

"சார், பள்ளிக்கூடத்துக்காவது ஒரு வார்த்தை சொல்லுங்க, வர லேட்டாகும்னு!" கிளைவெட்டி மேலேயிருந்து கெஞ்சினார். நியாயமான கோரிக்கை. மேற்பார்வையாளர் உடனே பள்ளியின் செல்போனுக்கு எழுத்துப்பூர்வமாக அனுப்பினார்: 'மாணவியின் தந்தை மறு உத்தரவு வரும்வரை மரத்தின் மேல் இருப்பார்.'

நாலு அடித்தது. கிளைவெட்டிக்குப் பொறுமை போய்விட்டது.

"போங்கய்யா, நீங்களும் உங்க படிவமும்!"

ஈரக் கயிறு வழுக்கும் என்று அவருக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பத் தேவையில்லை. முடிச்சில் இரண்டு சுற்று கூடுதலாகப் போட்டார். ஒரு சாண் இறங்கி, பிடிக்கிறதா என்று பார்த்தார். பிடித்தது. அவசரப்படாமல், நின்று நின்று இறங்கி, நுனி வந்ததும் முடிச்சை அவிழ்த்துவிட்டுக் குதித்தார். வேடிக்கை பார்த்த கூட்டம் கைதட்டியது.

பரிசோதகர் கோப்பில் குறித்தார்: 'பணியாளர் இறங்கவில்லை. அனுமதி இல்லாததால் இறங்கியிருக்க இயலாது.'

பள்ளிக்கூடத்துக்கு மூச்சிரைக்க ஓடினால், தலைமையாசிரியை வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க யாரு?"

"பிள்ளையோட அப்பா."

"அப்பா மரத்து மேல இருக்காரு. ஆபீஸ்லேருந்தே தகவல் வந்திருக்கு."

"அந்த ஆளுதாம்மா நான்! இறங்கிட்டேன்!"

"இறங்கினதுக்குக் கடிதம்?"

"அப்பா!" என்று உள்ளேயிருந்து பிள்ளை கத்தியது. "பாருங்க, அவளே சொல்றா," என்றார் கிளைவெட்டி.

"அவளுக்கு ஆறு வயசு. அவ சொல்றதை நம்பறதா, ஆபீஸ் சொல்றதை நம்பறதா?" தலைமையாசிரியை இரக்கத்தோடு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணலாம். அப்பா இருக்கிற இடத்துக்கே கொண்டுவந்து ஒப்படைக்கிறோம். அவர் அங்க இருந்தாப் போதும்."

தலையெழுத்தே என்று கிளைவெட்டி திரும்பி ஓடினார். ஈரக் கயிற்றில் ஏறுவதற்கு எந்தத் தடையும் இல்லை. சுற்றறிக்கை இறங்குவதைப் பற்றி மட்டும்தான் பேசியது. பரிசோதகரே பெருந்தன்மையாக ஜீப்பின் பானெட்டில் ஏற்றிவிட்டு நுனியை எட்டிப்பிடிக்க உதவினார்.

கால் மணியில் தலைமையாசிரியை பிள்ளையோடு வந்தார். அண்ணாந்து பார்த்தார். தகவலும் ஆளும் ஒத்துப்போயின. மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கினார், பிள்ளையை மரத்தடியில் ஒப்படைத்தார்.

"அங்கேயே நில்லு கண்ணு, அப்பா இதோ வந்துட்டேன்!" கிளைவெட்டி முடிச்சில் கை வைத்தார்.

பிள்ளை பதறிப்போய் அலறியது. "வேணாம்ப்பா! இறங்காதீங்க! இறங்கினா நீங்க என் அப்பா இல்லேன்னு மிஸ் திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவாங்க!"

கிளைவெட்டி கையை எடுத்துவிட்டு, கிளையில் மெதுவாக உட்கார்ந்துகொண்டார்.

கூட்டம் நெகிழ்ந்துபோனது. "இந்த வயசுலயே என்ன ஒழுங்கு!" என்று ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற தன் பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினார். "பாத்துக் கத்துக்கோ!"