படத்துக்கு வெளியே ஒரு கொப்பு

"இஞ்ச, இந்தப் படம் மழையில நனைஞ்ச மாதிரிக் கிடக்கு!" என்றாள் ஹாஜறா.

ஆணி அடித்த முகைதீன்பாவா ஏணியை விட்டு இறங்கக்கூட இல்லை. அதற்குள் மனைவி குறை சொல்லிவிட்டாள்.

"வெள்ளைக்காரன் அப்படித்தான் கீறுவான் புள்ள. வசந்த காலத்தில பழமரமெல்லாம் பூத்து நிக்குதாம். பளீல் மாஸ்டர் தந்தவர்."

பூத்திருந்தாலென்ன, காய்த்திருந்தாலென்ன, படத்துக்கு வேலை வேறு. எழுபத்தெட்டுச் சூறாவளியில் முன் ஹோல் சுவர் வெடித்துப்போயிற்று. மகள் சுஹறாவுக்கென்று கட்டிய வீடு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை இங்கேதான் வந்து குடியிருப்பார். வீடு பார்க்க இன்று அஸறுத் தொழுகைக்குப் பிறகு அவர் பகுதியார் வருகிறார்கள். குறை கண்டால் சம்பந்தம் முறிந்தது. வெடிப்பின் முக்கால்வாசியைப் படம் மூடிற்று. மேலே நீட்டிக்கொண்டிருந்த மிச்சத்தை யார் அண்ணாந்து பார்க்கப்போகிறார்கள் என்று பாவா விட்டுவிட்டார்.

மாப்பிள்ளையின் வாப்பா கலந்தர், தன் ராத்தா சபூறாவோடு வந்தார். ராத்தா கதிரையில் இருந்தாள். கலந்தர் நேரே படத்தடிக்குப் போய், கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தார்.

"பாவா, படம் ஊறியிருக்கே. செவர் ஒழுகுதா?"

"சே, இல்ல காக்கா! கிட்ட நிண்டா விளங்காது. கொஞ்சம் பின்னுக்கு வாங்க."

நாலடி வந்தார்.

"இப்ப?"

"றோஸ் பூந்தி கொட்டின மாதிரிக் கிடக்கு."

"இன்னும் வாங்க, இன்னும்."

வாசற்படி வரை போன பிறகுதான் கலந்தரின் முகம் தெளிந்தது. "ஓம்! மரம்தான்! பூத்துக் குலுங்குது!"

பாவா மூச்சு விட்டார். பாதி மூச்சில் கலந்தரின் கண் மேலே ஏறிற்று.

"அதென்ன, ஒரு கொப்பு படத்த விட்டு வெளியால போகுது?"

கிட்ட நின்ற மனிதனைத் தூரக் கூட்டிப்போய் வெடிப்பைக் காட்டிக்கொடுத்தது தானேதான் என்று பாவாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அது... வடிவுக்கு, செவரிலயும் கொஞ்சம் கீறிவிட்டது, காக்கா."

"மரம் முழுக்கப் பூ. இந்தக் கொப்பில மட்டும் ஒண்டும் இல்லையே?"

கதவுக்குப் பின்னாலிருந்து ஹாஜறா கைகொடுத்தாள். "அது நாளைக்குத்தான் பூக்கும் காக்கா!"

பாவா கண்ணை மூடிக்கொண்டார்.

கலந்தர் கதிரையொன்றை இழுத்துப்போட்டு ஏறினார். கொப்பைத் தடவினார். விரல் நகம் உள்ளே போயிற்று.

"கொப்பில்ல பாவா, வெடிப்பு! வெடிச்ச வீட்டில எண்ட மகன் குடியிருக்கமாட்டான். ராத்தா, எழும்புங்க, போவம்."

உள்ளறையில் சுஹறாவின் வளையல் சத்தம் நின்றுபோயிற்று.

சபூறா எழும்பவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் வைத்தாள். படத்தைப் பார்த்தாள், கொப்பைப் பார்த்தாள், கதிரைமேல் நின்ற தம்பியைப் பார்த்தாள்.

"இறங்குடா கலந்தர். உண்ட மகள்ற வீட்ட மாப்பிள்ளை பகுதிக்குக் காட்டக்குள்ள, வெடிப்பில நீ கொப்பு மட்டுமா கீறினாய்? ரெண்டு கிளியும் வைச்சாயே!"