புளுகக்கா வளர்த்த முதலை

கனகராயன் ஆறு வற்றிய வருடங்கள் உண்டு. புளுகக்காவின் வாயில் பொய் வற்றிய நாள் ஒன்றுகூட இல்லை.

கண்டாவளைப் பக்கம், ஆற்றங்கரை மருதமரத்தடியில் தேநீர்க்கடை வைத்திருப்பவர். அவருடைய சொந்தப் பெயர் கணவருக்காவது ஞாபகமிருக்கிறதா என்பது சந்தேகம். கடைக்குப் பின்னால், ஆறு வளைகிற இடத்தில் ஒரு மடு. பார்த்தால் சாதுவாகக் கிடக்கும். அக்காவின் புளுகெல்லாம் அதைப் பற்றித்தான். திங்கட்கிழமை அதில் ஒற்றைக்கண் முதலை இருக்கும். புதன்கிழமை அதற்குக் குட்டி பிறந்துவிடும். வெள்ளிக்கிழமை முதலை விரதம். அன்றைக்கு ஒரு வன்னி அரசி கூந்தலை விரித்துக்கொண்டு எழும்புவார்.

நான் அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்துக்கு மாற்றலாகி வந்த புதிது. ஊரின் இயற்கை, மரபு, பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் எழுதிப் பெரிய பலகை வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. யாரைக் கேட்டாலும் "அக்காட்டைப் போங்கோ" என்றார்கள். போனேன். நாலு பிளேன்ரீ குடித்து முடிய, என் தாளில் மருதமரத்துக்கு ஒரு வரி, மீன்கொத்திக்கு ஒரு வரி, அம்மன் கோயிலுக்கு இரண்டு வரி, மடுவுக்குப் பதினொரு வரி. அரசாங்கப் பலகையில் பொய் எழுதலாமா? அதனால் முதலைக்கும் அரசிக்கும் முன்னால் 'முற்காலத்தில்' என்று சேர்த்துவிட்டேன்.

பலகை வைத்த அடுத்த ஞாயிறே வான்கள் வந்தன. சனம் துவாயும் சோற்றுப் பார்சலுமாக இறங்கியது. பெருமையோடு நின்ற என்னிடம் அக்கா தேநீர் வடிகட்டியும் கையுமாக வந்தார்.

"தம்பி, என்ரை முதலையைச் சாக்காட்டிப் போட்டீரே! சனம் மடுப்பக்கம் வராமல் கலைக்க நான் சொன்ன கதையை நீர் வெத்திலை வைச்சுக் கூப்பிடுற மாதிரி எழுதியிருக்கிறீர்!"

"ஏன் அக்கா கலைக்கிறியள்?"

"மண் அள்ளினவங்கள் அடியைக் குடைஞ்சு போட்டாங்கள். ரெண்டு எட்டு முழங்கால் தண்ணி. மூண்டாவது எட்டிலை ஆளைக் காணேலாது. ஆழம் எண்டு சொன்னால், நீந்தத் தெரியும் எண்டு பாயிறாங்கள். ரெண்டு பேரைத் தலைமயிரிலை பிடிச்சு இழுத்தெடுத்தனான். அதுக்குப் பிறகுதான் முதலையை விட்டனான்."

நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் நெளுக்குளத்திலிருந்து வந்த ஒரு தகப்பன், இரண்டு பிள்ளைகளோடு மடுவை நோக்கி நடந்தார். அக்கா ஓடிப்போய், தன் வழக்கத்தை விட்டு உண்மையைச் சொன்னார்.

"ஐயா, இறங்காதேங்கோ! சரியான ஆழம்!"

"எனக்கு நீந்தத் தெரியும் அக்கா. முதலையும் முந்தின காலத்திலையாம், பலகையிலை கிடக்கு." சிரித்தபடி செருப்பைக் கழற்றினார்.

அக்கா ஒரு மூச்சு விட்டார்.

"அப்ப குளியுங்கோ. செத்த மாடு அங்காலைக் கரையிலைதான் ஒதுங்கிக் கிடக்கு. நாலு நாளாச்சு. தண்ணியை வாய்க்குள்ளை மட்டும் எடுக்காதேங்கோ."

தகப்பன் செருப்பை மாட்டிக்கொண்டார். கால் மணித்தியாலத்தில் வான் ஒன்றுகூட இல்லை.

எச்சரிக்கைப் பலகைக்கு எழுதிப் போட்டேன், இன்னும் வரவில்லை. குறுக்கே கயிறு கட்டினேன். சனம் அதில் துவாய் காயப் போட்டது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அக்காவோடு நின்று புளுகுகிறேன்.

போன ஞாயிறு அக்காவுக்குக் காய்ச்சல். தனியே சமாளித்துவிட்டு, பின்னேரம் அவரைப் பார்க்கப் போனேன்.

"என்ன சொல்லிக் கலைச்சனீர்?"

"சொறி வருமெண்டு."

"சீ! உதை ஆர் நம்புவினம்?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சற்றுப் பொறுத்து, "பிள்ளையள் எல்லாம் வீட்டை போயிட்டுதுகளோ?" என்றார்.

"ஓம் அக்கா. எல்லாம் போயிட்டுதுகள்."

போர்வையை இழுத்துக்கொண்டு நிம்மதியாகக் குறட்டை விடத் தொடங்கினார். அந்தப் பொய்க்காரி நூறு வயது வாழவேண்டும்.