தொலோன் ஏற்றத்தில் ஒரு தொகையிடல்

தொலோன் கணவாய் ஏற்றத்தில் போலீஸ்காரர் தாலாய் கோலை நீட்டியதும், கணக்கு வாத்தியார் எசென்கூல் பிரேக்கை ஓங்கி மிதித்தார். பின்சீட்டில் குமிஸ் என்ற புளித்த குதிரைப்பால் கேன் உருண்டது.

ஓட்டுநர் உரிமம் போனால் தீர்ந்தது. மலைமேல் மந்தையோடு இருக்கும் மனைவியை வாராவாரம் போய்ப் பார்க்க இந்த ஓட்டை ஜிகுலி காரை விட்டால் வேறு வழியில்லை.

தாலாய் சாவகாசமாக வந்து நோட்டைத் திறந்தார்.

"நொடிக்கு நாலு மீட்டரா வேகம் குறைஞ்சு, நாலு நொடியில வண்டி நிக்குது. அப்ப வந்த வேகம் பதினாறு. சரிதானே சார்?"

பதினாறு என்றால் மணிக்கு ஐம்பத்தெட்டு கிலோமீட்டர்கூட இல்லை. வரம்பு அறுபது. தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தப்புக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சும்மா போகும் பழக்கம் எசென்கூலுக்கு இருபத்தாறு வருஷமாகக் கிடையாது.

"தப்பு. பிரேக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் பிடிக்கும். வேகம் ஒரே சீராக் குறையாது."

"அப்ப நாலுக்குப் பதிலா 3t-ன்னு வச்சுக்கலாமா?"

சீருடைக்குள் இப்படி ஒரு மூளையா என்று எசென்கூலுக்கு ஒரே பூரிப்பு. கார் மூடியின் தூசியில் விரலால் எழுத ஆரம்பித்தார்.

"இங்க வெறுமனே பெருக்கக் கூடாது, தொகையிடணும். 3t-ஐத் தொகையிட்டா ஒன்றரை t வர்க்கம். நாலு நொடிக்கு இருபத்திநாலு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மணிக்கு எண்பத்தாறு.

"இருங்க, ஏற்றத்தை விட்டுட்டேன்," என்றார் அவசரமாக. "ஏற்றமும் வண்டியைப் பின்னால இழுக்குமில்ல? அதுக்கு நொடிக்கு ஒண்ணு, நாலு நொடிக்கு நாலு."

"கழிக்கணுமா சார்?"

"கூட்டணும்," என்று வாய் முந்திக்கொண்டது. "இருபத்தெட்டு."

மணிக்கு நூறு. இந்த ஜிகுலி பிறந்ததிலிருந்து எழுபதைத் தாண்டியதில்லை.

தாலாய் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். "அந்த ஒன்றரை எப்படி வந்துச்சு?" என்று இரண்டு தரம் கேட்டார். எசென்கூலும் இரண்டு தரம் பொறுமையாக விளக்கினார். குற்றத்தை இவ்வளவு தெளிவாக யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் கணக்கு சுத்தமாக வந்ததில் அவருக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

கடைசியில் அவரே உரிமத்தை எடுத்து நீட்டினார்.

"எடுத்துக்குங்க. போட்ட கணக்கை மாத்திச் சொல்ல என்னால முடியாது."

தாலாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாலையோரம் நின்ற போலீஸ் ஜீப்பின் கண்ணாடி இறங்கியது. மடியில் இயற்பியல் புத்தகத்தோடு ஒரு பெண் தலையை நீட்டினாள்.

"அப்பா, ஏழாவது கணக்கையும் இவர்கிட்டயே கேட்டுடுங்க. காலையிலேருந்து நிறுத்தின ஒன்பது வண்டியில இவருக்குத்தான் கணக்கு வருது."